அமெரிக்கப் பன்னாட்டு வர்த்தக ஆணையம்: மனு முதல் வரி உத்தரவு வரை, இறால் வழக்கை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கிய இந்திய இறால் மீது மூன்று வரிகள் ஏறியிருந்தன. ஆன்டி டம்பிங் வரி, அதாவது நியாயமற்ற மலிவு விலைக்கு விற்பதற்கு எதிரான வரி, 2.49 சதவீதம். மானியத்துக்கு எதிரான ஈட்டு வரி, அதாவது ஏற்றுமதிக்காரர்கள் சிவிடி என்று சொல்வது, 5.77 சதவீதம். இவற்றுக்கு மேல் அதிபர் டிரம்ப் போட்ட 50 சதவீதம். கூட்டினால் 58.26.

தொலைக்காட்சி விவாதங்களில் அடிபட்டதெல்லாம் அந்த 50தான். தூத்துக்குடியில் ஐஸ் பிளான்ட்டும் பதப்படுத்தும் கூடமும் வைத்திருப்பவர்களுக்கு முதல் இரண்டும் பழகிய பெயர்கள். 2005இலிருந்து ஆன்டி டம்பிங்கோடு குடித்தனம் நடத்துகிறார்கள். அந்த இரண்டு வரிகளும் வாஷிங்டனில் ஆறு பேர் உட்காரும் ஓர் ஆணையத்தின் ஓட்டெடுப்பில் பிழைத்து வந்தவை. 50 சதவீதம் அந்த ஆணையத்தின் வாசலைக்கூட மிதிக்கவில்லை.

அமெரிக்கப் பன்னாட்டு வர்த்தக ஆணையம் என்பது அதன் முழுப்பெயர். ஐடிசி என்றால் வழக்கறிஞர்களுக்குப் புரியும். அதன் வழக்கு ஒன்றைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை எப்படிப் பின்தொடர்வது, எந்த இடத்தில் கவனம் வைப்பது என்பதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம். ஏற்றுமதியாளர்கள், வணிகவியல் மாணவர்கள், இதைச் செய்தியாக எழுதுபவர்கள் மூவருக்கும் பயன்படும்.

படி 1: யார் எதை முடிவு செய்கிறார்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

நம்மூரில் பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான். இந்தியாவில் டிஜிடிஆர் (வர்த்தகத் தீர்வுகளுக்கான தலைமை இயக்குநரகம்) என்ற ஒரே அமைப்பு விலையையும் பார்க்கும், பாதிப்பையும் பார்க்கும். பார்த்துவிட்டுப் பரிந்துரைக்கும். வரி போடலாமா வேண்டாமா என்ற கடைசி வார்த்தை நிதி அமைச்சகத்துடையது. அமெரிக்காவில் வேலையை நடுவில் வெட்டிப் பிரித்திருக்கிறார்கள்.

பொருளை நியாயமற்ற விலைக்கு விற்றார்களா, அரசு மானியம் வாங்கினார்களா, அது எத்தனை சதவீதம்? இதைக் கணக்கிடுவது வணிகத் துறை. அது அமைச்சரவையின் அங்கம், அதிபரின் ஆள் தலைமை வகிக்கும் துறை. அந்த இறக்குமதியால் அமெரிக்கத் தொழிலுக்குக் கணிசமான பாதிப்பு வந்ததா, வரும் ஆபத்து இருக்கிறதா என்பதைத் தீர்மானிப்பது ஆணையம். சதவீதத்தை ஆணையம் தொடவே தொடாது. ஆனால் பாதிப்பு இல்லை என்று அது சொல்லிவிட்டால் வணிகத் துறை கணக்குப் போட்டு வைத்த சதவீதம் காகிதத்தோடு சரி.

இப்படி நடந்தும் இருக்கிறது. 2012 டிசம்பர் கடைசியில் அமெரிக்க வளைகுடாப் பகுதி இறால் தொழில்துறையினர் இந்தியா உட்பட ஏழு நாடுகள் மீது மானியப் புகார் கொடுத்தார்கள். இந்தியாவுக்கு மானியம் உண்டு என்று 2013 ஆகஸ்டில் வணிகத் துறை முடிவு சொன்னது. செப்டம்பரில் ஆணையம் “பாதிப்பு இல்லை” என்று ஓட்டுப் போட்டது. வழக்கு அங்கேயே செத்தது. 2023 அக்டோபரில் அதே பொருளுக்கு அதே வகைப் புகார், 2024 நவம்பரில் ஓட்டெடுப்பு. இந்த முறை ஓட்டு “ஆம்”. அதனால் வந்ததுதான் அந்த 5.77. ஈக்வடாருக்கு 3.78, வியட்நாமுக்கு 2.84.

என் கருத்து இதுதான்: வரி சதவீதத்தைக் குறைக்க வணிகத் துறையில் செலவழிக்கும் உழைப்பில் பாதியையாவது ஆணையத்தின் பக்கம் திருப்ப வேண்டும். வழக்கே இல்லாமல் போகும் வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது.

படி 2: “சுயேச்சை” எதில் இருக்கிறது என்று பாருங்கள்

1916இல் வரி ஆணையம் என்ற பெயரில் பிறந்த அமைப்பு இது. ஹார்வர்டு பொருளாதாரப் பேராசிரியர் ஃபிராங்க் டாசிக் முதல் தலைவர். காங்கிரஸ் உறுப்பினர்கள் தத்தம் தொகுதிப் பொருளுக்கெல்லாம் வரி கேட்டு அடித்துக்கொண்டிருந்த காலத்தில், உண்மை விவரம் சொல்ல ஓர் இடம் வேண்டும் என்பதே நோக்கம். 1974 வர்த்தகச் சட்டம் இப்போதைய பெயரைக் கொடுத்தது.

ஆறு ஆணையர்கள். அதிபர் நியமிப்பார், செனட் உறுதி செய்யும். பதவிக்காலம் ஒன்பது ஆண்டு. ஒரே கட்சியிலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது. தலைவர் பதவி இரண்டு ஆண்டுதான், அடுத்தவர் வேறு கட்சியாக இருக்க வேண்டும். ஆணையத்தின் பட்ஜெட் கோரிக்கையில் அதிபர் கை வைக்க முடியாது, அது அப்படியே காங்கிரசுக்குப் போகும்.

இருக்கைகள் காலியாகக் கிடப்பதும், காலம் முடிந்தவர் அடுத்தவர் வரும்வரை நீடிப்பதும் உண்டு. ஆகவே ஒரு வழக்கைப் பின்தொடரத் தொடங்கும்போதே இப்போது எத்தனை பேர் ஓட்டுப் போடுவார்கள் என்று பார்த்து வையுங்கள். காரணம் இருக்கிறது: ஆன்டி டம்பிங், சிவிடி வழக்குகளில் ஓட்டுச் சமமாகப் பிரிந்தால் அது “ஆம்” என்றே கணக்கு. சமன் என்றால் புகார் கொடுத்தவர் பக்கம். ஏற்றுமதி செய்பவருக்குப் பெரும்பான்மை வேண்டும்.

படி 3: வழக்கு எண்ணின் முன்பகுதியைப் படியுங்கள்

ஆணையத்தின் எந்த ஆவணத்திலும் மேலே ஓர் எண் இருக்கும். 701 என்று தொடங்கினால் மானிய வழக்கு. 731 என்றால் ஆன்டி டம்பிங். 337 என்றால் காப்புரிமை, வர்த்தக முத்திரைத் தகராறு. 201 என்றால் இறக்குமதி வெள்ளத்திலிருந்து பாதுகாப்புக் கோரும் வழக்கு. 332 என்றால் வெறும் ஆய்வு, யாருக்கும் வரி விழாது.

செய்தித்தாள் தலைப்பைப் பார்த்து நெஞ்சு படபடப்பதற்கு முன்னால் இந்த எண்ணைப் பாருங்கள். இந்தியாவின் வர்த்தக, முதலீட்டுக் கொள்கைகளால் அமெரிக்கப் பொருளாதாரத்துக்கு என்ன விளைவு என்று 2014 டிசம்பரில் ஆணையம் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. அது 332. அதில் யாரும் பிரதிவாதி இல்லை.

படி 4: மனுவில் மூன்று இடங்களைத் தேடுங்கள்

மனு ஒரே நாளில் வணிகத் துறைக்கும் ஆணையத்துக்கும் போகும். இரண்டாயிரம் பக்கம் இருந்தாலும் பயப்பட வேண்டாம்.

முதலாவது, மனுக்காரருக்குத் தகுதி இருக்கிறதா. ஆதரிக்கும் நிறுவனங்கள் உள்நாட்டு மொத்த உற்பத்தியில் 25 சதவீதமாவது இருக்க வேண்டும், கருத்துச் சொன்னவர்களின் உற்பத்தியில் பாதிக்கு மேலும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, எத்தனை நாடுகள். இது முக்கியம். ஒரே நாளில் பல நாடுகள் மீது மனு வந்து, பொருள்கள் ஒன்றோடொன்று போட்டியிடுபவையாக இருந்தால், எல்லா நாட்டு இறக்குமதியையும் ஒன்றாகக் கூட்டித்தான் ஆணையம் பாதிப்பை அளக்கும். “எங்கள் பங்கு கொஞ்சம்தானே” என்ற வாதம் அங்கே எடுபடாது. மொத்த இறக்குமதியில் 3 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பொதுவாகத் தப்பலாம். அமெரிக்க இறால் சந்தையில் இந்தியா இருக்கும் இடத்துக்கு அது கனவு.

மூன்றாவது, பொருளின் எல்லை. 2003 டிசம்பர் 31 அன்று பிரேசில், சீனா, ஈக்வடார், இந்தியா, தாய்லாந்து, வியட்நாம் மீது வந்த மனுவில் உறைய வைத்த இறாலும் டின்னில் அடைத்த இறாலும் சேர்ந்தே இருந்தன. ஆணையம் டின் இறாலைத் தனிப் பொருளாகப் பிரித்தது. அது வரியிலிருந்து வெளியே வந்துவிட்டது. ஆனால் இன்னொரு பக்கம், பிடித்து வந்த பச்சை இறாலையும் உள்நாட்டுப் பொருளோடு சேர்த்தது. அதனால் பாதிக்கப்பட்ட “தொழில்” என்ற கணக்கில் பதப்படுத்தும் கூடங்கள் மட்டுமல்லாமல் மெக்சிகோ வளைகுடாவில் விசைப்படகு ஓட்டும் மீனவர்களும் வந்துவிட்டார்கள். நஷ்டத்தில் தத்தளிக்கும் படகுக்காரர்கள் கணக்கில் சேரும்போது பாதிப்பின் உருவமே வேறாகத் தெரியும். பொருளுக்கு எங்கே கோடு கிழிக்கிறார்கள் என்பதில் பாதி வழக்கு முடிந்துவிடுகிறது.

படி 5: முதல் 45 நாளைத் தவற விடாதீர்கள்

மனு வந்த 45 நாளுக்குள் ஆணையம் பூர்வாங்க முடிவு சொல்லியாக வேண்டும். 2023 அக்டோபர் 25இல் வந்த இறால் மனுவுக்கு டிசம்பர் தொடக்கத்தில் ஓட்டு. இந்தக் கட்டத்தில் “இல்லை” வந்தால் வழக்கு முற்றாக முடிந்தது. வணிகத் துறை மேற்கொண்டு விசாரிக்கவும் முடியாது. ஆனால் ஏற்றுமதியாளர் தப்பும் வாசல் குறுகலானது. பாதிப்பு இருப்பதற்கு “நியாயமான அறிகுறி” இருந்தாலே போதும் என்கிறது சட்டம். பெரும்பாலான மனுக்கள் இதைத் தாண்டிவிடும்.

மனு வந்த உடனே ஆணையத்தின் ஊழியர் குழு ஒன்று அமையும். விசாரணை அலுவலர், பொருளாதார அறிஞர், கணக்காளர், அந்தத் தொழிலைத் தெரிந்த ஆய்வாளர், வழக்கறிஞர். அவர்கள் அமெரிக்க உற்பத்தியாளர், இறக்குமதியாளர், வெளிநாட்டு உற்பத்தியாளர் மூவருக்கும் தனித்தனிக் கேள்வித்தாள் அனுப்புவார்கள். இறுதிக் கட்டத்தில் வாங்குபவர்களுக்கும் போகும். நம் பக்கத்தில் அதை நிரப்பக் கிடைப்பது ஏறக்குறைய இரண்டு வாரம்.

அந்தத் தாளில் என்ன கேட்கிறார்கள்? கடந்த மூன்று ஆண்டுக்கும் நடப்பாண்டில் கழிந்த மாதங்களுக்கும் உங்கள் ஆலையின் கொள்ளளவு, உண்மையான உற்பத்தி, கையிருப்பு, உள்நாட்டு விற்பனை, அமெரிக்காவுக்கு எவ்வளவு, ஐரோப்பா, ஜப்பான், சீனா போன்ற பிற சந்தைகளுக்கு எவ்வளவு, வரும் ஆண்டுகளுக்கு என்ன எதிர்பார்ப்பு. ஆலையின் கொள்ளளவு என்ற கட்டத்தில் பலர் சறுக்குவது உண்டு. வங்கிக் கடனுக்காகவும் அனுமதிக்காகவும் எழுதி வைத்த பெருமைக் கொள்ளளவை இங்கேயும் எழுதிவிட்டால், “பாதி ஆலை சும்மா கிடக்கிறது, நாளைக்கே அமெரிக்காவுக்கு இரட்டிப்பாக அனுப்ப முடியும்” என்று எதிர்த்தரப்பு வாதிடும். பாதிப்பு வரும் ஆபத்துக்கு அதுவே சாட்சி. ஆள், ஷிப்ட், மூலப்பொருள் வரத்து எல்லாம் வைத்து உண்மையில் எவ்வளவு ஓட்ட முடியும் என்பதை எழுதி, எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதையும் எழுத வேண்டும்.

விலைப் பகுதி இறக்குமதியாளருக்கு வரும். குறிப்பிட்ட சில ரகங்களைச் சொல்லி, காலாண்டு வாரியாக எவ்வளவு, என்ன விலை என்று கேட்பார்கள். உதாரணமாக, தலை நீக்கி ஓடு நீக்காத, 26 முதல் 30 கவுண்ட் என்பது போல ஒரு ரகம். நம் குட்டைக்கரையில் 30 கவுண்ட் என்றால் தலையோடு கிலோவுக்கு முப்பது இறால். அமெரிக்கத் தாளில் கவுண்ட் என்பது பவுண்டுக்கு. மாற்றாமல் எழுதினால் வேறு ரகத்தின் விலை இந்த ரகத்துக்கு எதிரே போய் உட்கார்ந்துவிடும். அமெரிக்கப் பொருளைவிட இறக்குமதி எத்தனை காலாண்டில் மலிவாக விற்றது என்று எண்ணுவதே இந்தப் பட்டியலை வைத்துத்தான்.

பதில் அனுப்பாமல் இருந்துவிடலாமா? கூடாது. கையில் கிடைத்ததை வைத்து, உங்களுக்குப் பாதகமாகவே ஊகித்துக்கொள்ள ஆணையத்துக்குச் சட்டம் இடம் தருகிறது. மேலும் பெரிய ஏற்றுமதியாளர் நாலு பேர் மட்டும் பதில் சொன்னால் இந்தியாவின் படம் அந்த நாலு பேரின் படமாகவே பதிவாகும்.

ரகசியம் குறித்த அச்சம் நியாயமானது, ஆனால் ஏற்பாடு கெட்டியானது. உங்கள் எண்களைப் பாதுகாப்பு உத்தரவில் கையெழுத்திட்ட வழக்கறிஞர்கள் மட்டும் பார்க்கலாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பார்ப்பார், அவருடைய கட்சிக்காரர் பார்க்க முடியாது. உங்கள் வழக்கறிஞரும் எதிரியின் எண்ணை உங்களிடம் சொல்ல முடியாது. ஆணைய அறிக்கையின் பொதுப் பதிப்பை எடுத்தால் பத்திக்குப் பத்தி மூன்று நட்சத்திரக் குறிகள்தான் இருக்கும். எண் இருந்த இடம் அது.

படி 6: நடுவில் வணிகத் துறையின் காலம்

மானியக் கணக்கின் பூர்வாங்க முடிவுக்கே 65 நாள் ஆகும், பல மாதமும் நீளும். டம்பிங் கணக்கு இன்னும் நீளம். டியூட்டி டிராபேக் (ஏற்றுமதிப் பொருளுக்கான மூலப்பொருள் மீது கட்டிய வரியைத் திருப்பித் தருவது), ஈபிசிஜி (ஏற்றுமதிக்கான இயந்திர இறக்குமதிக்குச் சுங்கச் சலுகை) போன்ற இந்திய அரசுத் திட்டங்களைத் துருவுவது இங்கே. பெரிய ஏற்றுமதியாளர்கள் ஓரிருவரை மட்டும் எடுத்து ஆழமாக விசாரித்து, மற்ற எல்லாருக்கும் அவர்களின் கணக்கிலிருந்து ஒரு விகிதம் போடுவார்கள். 2005இல் இந்தியாவின் “மற்றவர்” விகிதம் 10.17 சதவீதம். பூர்வாங்க முடிவிலிருந்தே இறக்குமதியாளர் டெபாசிட் கட்டத் தொடங்க வேண்டும். இதற்கு மேல் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை, அது தனி உலகம்.

படி 7: இறுதி விசாரணை, ஓட்டு

இறுதிக் கட்டத்தில் ஆணையர்கள் நேரில் உட்காருவார்கள். மனுக்காரர் தரப்பு முதலில், எதிர்த்தரப்பு பிறகு. லூசியானா, டெக்சாஸ் போன்ற மாநில அரசியல்வாதிகள் வந்து தங்கள் மீனவர்களுக்காகப் பேசுவது வழக்கம். அவர்கள் பேச்சைக் கேட்டுப் பதறாதீர்கள், ஊடகத்துக்குத்தான் அது தீனி. ஆணையர்கள் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். ஒருவர் எந்த எண்ணைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்பதில் அவர் எங்கே தயங்குகிறார் என்று தெரியும்.

சட்டம் மூன்றைப் பார்க்கச் சொல்கிறது: இறக்குமதியின் அளவு, விலை மீது அதன் தாக்கம், உள்நாட்டுத் தொழிலின் நிலை. மூன்றும் மோசம் என்றாலும் போதாது; பாதிப்பு இந்த இறக்குமதியால் வந்தது என்று தொடர்பு வேண்டும். டீசல் விலை, புயல், எண்ணெய்க் கசிவு இவற்றால் வந்த நஷ்டத்தை இறக்குமதியின் தலையில் கட்ட முடியாது. எதிர்த்தரப்பு வாதங்களில் உயிர் உள்ள இடம் இது.

வாங்கிச் சாப்பிடுபவருக்கு விலை ஏறுமே என்ற கேள்விக்கு இங்கே இடமே இல்லை. அமெரிக்கர்கள் சாப்பிடும் இறாலில் சுமார் 90 சதவீதம் வெளிநாட்டிலிருந்து வருவது. இருந்தும் உணவகக்காரரின் நலனையோ குடும்பத் தலைவியின் செலவையோ எடை போட ஆணையத்துக்கு அதிகாரம் தரப்படவில்லை. சுயேச்சை என்பதைப் பலர் நடுநிலை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆணையர்கள் நடுநிலையாகத்தான் பதில் சொல்கிறார்கள். கேள்வி மட்டும் உற்பத்தியாளர் பக்கம் சாய்த்து எழுதப்பட்டது.

முதல் இறால் வழக்கு நடந்தபோது இன்னொரு சாய்வும் இருந்தது. 2000ஆம் ஆண்டின் ஒரு சட்டப்படி வசூலான ஆன்டி டம்பிங் வரிப் பணம் மனுவை ஆதரித்த நிறுவனங்களுக்கே பிரித்துக் கொடுக்கப்பட்டது. வழக்கில் ஜெயித்தால் வரியும் உண்டு, பங்கும் உண்டு. 2006இல் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள்.

படி 8: உத்தரவு வந்த பிறகும் பின்தொடருங்கள்

2005 ஜனவரியில் ஆணையம் உறைய வைத்த இறால் மீது “ஆம்” என்று ஓட்டுப் போட்டபோது சுனாமி அடித்துச் சில நாள்களே ஆகியிருந்தன. நாகப்பட்டினத்தில் படகுகள் ஊருக்குள் கிடந்தன. தாய்லாந்திலும் கடற்கரை அழிந்திருந்தது. வழக்கின் பதிவேடு அதற்கு முன்பே மூடப்பட்டுவிட்டது. ஆனால் சூழ்நிலை மாறியிருந்தால் உத்தரவை மறுபரிசீலனை செய்யச் சட்டத்தில் வழி உண்டு. இந்தியா, தாய்லாந்து இரண்டுக்கும் அந்த மறுஆய்வை ஆணையமே தொடங்கியது.

அங்கேயும் கேள்வி அதே குறுகிய கேள்விதான். மக்கள் எவ்வளவு துன்பப்பட்டார்கள் என்பதல்ல, வரியை எடுத்தால் அமெரிக்கத் தொழிலுக்கு மறுபடி பாதிப்பு வருமா என்பது. 2005 நவம்பரில் வரி நீடிக்கும் என்று முடிவானது. இதைக் கொடூரம் என்று திட்டியவர்கள் அன்று உண்டு. எனக்கு அது ஆணையத்தின் சுபாவத்தைத் துல்லியமாகக் காட்டிய தருணம்: இரக்கத்துக்கும் இடமில்லை, அரசியல் தயவுக்கும் இடமில்லை.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு உத்தரவும் தானாக மறுஆய்வுக்கு வரும். இறால் ஆன்டி டம்பிங் உத்தரவுக்கு மறுஆய்வு முடிவு 2011, 2017, 2023 என மூன்று முறை வந்தது. 2017இல் பிரேசில் வெளியே போனது, இந்தியா போகவில்லை. முடிவில் குறை கண்டால் நியூயார்க்கில் உள்ள பன்னாட்டு வர்த்தக நீதிமன்றத்துக்குப் போகலாம். உலக வர்த்தக அமைப்புக்கு அரசுதான் போக முடியும்.

படி 9: மற்ற வாசல்கள்

337இல் சதவீதம் கிடையாது, பொருளுக்கு நுழைவுத் தடை. அதிபருக்கு 60 நாள் அவகாசம், அதற்குள் நிராகரிக்கலாம். 2013இல் சாம்சங் வாங்கிய தடையை ஒபாமா நிர்வாகம் நிராகரித்து ஆப்பிளின் பழைய ஐபோன்களைக் காப்பாற்றியது. 2023இல் மாசிமோ நிறுவனம் ஆப்பிள் வாட்ச் மீது வாங்கிய தடைக்கு அந்தக் கருணை கிடைக்கவில்லை.

201இல் யாரும் தப்புச் செய்திருக்க வேண்டியதில்லை. இறக்குமதி கூடிக் கடும் பாதிப்பு வந்தால் போதும். ஆணையம் பரிந்துரைக்கும், அதிபர் முடிவெடுப்பார். 2002 மார்ச்சில் புஷ் உருக்கு மீது 30 சதவீதம் வரை வரி போட்டது இப்படித்தான். உலக வர்த்தக அமைப்பில் தோற்று 2003 டிசம்பரில் விலக்கிக்கொண்டார்.

332 போன்ற, வரி விழாத ஆய்வுகளைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். பசிபிக் கரையோர நாடுகளின் டிபிபி வர்த்தக ஒப்பந்தத்தால் 2032க்குள் அமெரிக்கப் பொருளாதாரம் 0.15 சதவீதமே கூடுதலாக வளரும் என்று 2016இல் ஆணையம் கணக்குச் சொன்னது. ஒப்பந்தத்தைத் தூக்கிப்பிடித்த ஆட்சிக்கு அது இனிக்கும் எண் அல்ல. 2023 மார்ச்சில் வந்த அறிக்கை, சீனப் பொருள்கள் மீதும் உருக்கு, அலுமினியம் மீதும் போட்ட வரியின் சுமை ஏறக்குறைய முழுவதையும் அமெரிக்க இறக்குமதியாளர்களே சுமந்தார்கள் என்றது. “வெளிநாட்டுக்காரன் கட்டுகிறான்” என்று மேடையில் பேசியவர்களுக்கு அரசின் சொந்த ஆணையமே தந்த பதில் அது. பேச்சு நிற்கவில்லை என்பது வேறு விஷயம். இந்த ஆய்வுகளுக்கு யார் வேண்டுமானாலும் எழுத்துமூலம் கருத்து அனுப்பலாம், வெளிநாட்டுத் தொழில்துறைச் சங்கமும் அனுப்பலாம். நம்மவர்கள் அதிகம் பயன்படுத்தாத வசதி.

படி 10: ஆணையம் இல்லாத இடத்தையும் குறித்து வையுங்கள்

தேசப் பாதுகாப்பைக் காட்டிப் போடும் உருக்கு வரியை வணிகத் துறை விசாரிக்கிறது. வர்த்தகச் சட்டத்தின் 301ஆம் பிரிவின்படி சீனா மீது போட்ட வரி, அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகத்தின் வேலை. 2025இன் 50 சதவீதம், 1977ஆம் ஆண்டின் அவசரநிலை அதிகாரச் சட்டத்தைச் சொல்லி அதிபர் மாளிகையிலிருந்தே வந்தது. இவை எதிலும் கேள்வித்தாள் இல்லை, 45 நாள் இல்லை, ஆணையரின் ஓட்டு இல்லை. ஒரே உத்தரவில் வந்தது ஒரே உத்தரவில் மாறும்.

ஆணையத்தின் வழியாக வந்த வரி அப்படிப் போகாது. அதிபர்கள் மாறியபோதும் இறால் மீதான ஆன்டி டம்பிங் இருபது ஆண்டாக நிற்கிறது. 2024 டிசம்பரில் பிறந்த சிவிடி உத்தரவுக்கு முதல் ஐந்தாண்டு மறுஆய்வு 2029 கடைசியில் தொடங்கும். அப்போது வரும் கேள்வித்தாள் முந்தைய ஆண்டுகளின் கொள்ளளவு, கையிருப்பு, சந்தை வாரியான விற்பனை எல்லாவற்றையும் கேட்கும். ரகம் வாரியாக, பவுண்டுக் கவுண்டில், காலாண்டு வாரியாக ஒரு பதிவேட்டை இந்த நிதியாண்டிலிருந்தே தனியாகப் போட்டு வைக்கச் சொல்லி உங்கள் கணக்கரிடம் சொல்லிவிடுங்கள்.